வாடகை ஒப்பந்தத்தில் இல்லாத நிபந்தனைகள்

(சென்னையில் மாணவர்களும் வேலைக்குப் போகும் இளைஞர்களும் சேர்ந்து நடத்தும் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



"வாடகைக்கு இருப்பவரின் சட்டப் பொறுப்புகள்" என்று இந்தப் பேச்சுக்குத் தலைப்புக் கொடுத்ததும், ஒருங்கிணைக்கும் தோழர் போனில் கேட்டார்: "உரிமைகள்னு போடலாமே தோழர்? பொறுப்பு, பொறுப்புன்னு ஓனர் பேசறதையே நாமளும் எதுக்குப் பேசணும்?" நியாயமான கேள்வி. ஆனால் நம்மில் பலரை வீட்டை விட்டு அனுப்பும்போது "உனக்கு உரிமை இல்லை" என்று யாரும் சொல்வதில்லை. "நீங்க வீட்டைச் சரியா வெச்சுக்கலை", "சொன்ன மாதிரி நடந்துக்கலை" என்றுதான் சொல்கிறார்கள். பொறுப்பு என்கிற சொல்லை வைத்துத்தான் வெளியேற்றுகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் சட்டப்படி என்னென்ன இருக்கிறது, எதெல்லாம் இல்லை என்று ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சென்னைக்கு வந்த 11 ஆண்டுகளில் 7 வீடு மாறியிருக்கிறேன். அதில் இரண்டை மட்டும்தான் நானாக விரும்பிக் காலி செய்தேன். இந்த விஷயத்தில் என் தகுதி அவ்வளவுதான்.

வீடு தேடுவது எப்படி இருக்கும் என்று இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதல் கேள்வி "எங்க வேலை?" அடுத்தது "எத்தனை பேரு?" மூன்றாவதுதான் அசல் கேள்வி. அது நேராக வராது. "சொந்த ஊர் எது?" என்று வரும். ஊரைச் சொன்னால் "அங்க எந்தப் பக்கம்?" பக்கத்தைச் சொன்னால் "அங்க நம்மாளுங்க நிறைய இருக்காங்களே, இன்னாரைத் தெரியுமா?" அதற்கும் பிடி கொடுக்கவில்லை என்றால் "சாமி கும்பிடுவீங்கல்ல?" "என்ன சாமி?" கடைசியில் "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" ஞாயிற்றுக்கிழமை தானே வரிசையில் நின்று ஆட்டுக்கறி வாங்கி வருகிற வீட்டுக்காரர் இதைக் கேட்கிறார் என்றால், அவர் விசாரிப்பது ஆட்டுக்கறியைப் பற்றி அல்ல. புரோக்கருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். தெருமுனையிலேயே நம்மை நிறுத்தி, "ஓனர் கேட்டா இப்படிச் சொல்லிடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று பாடம் நடத்துவார். ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்குகிறாரே, அதில் இந்தப் பாடத்துக்கான கட்டணமும் சேர்த்தி.

இதையெல்லாம் தாண்டி வீட்டுக்குள் போன பிறகு இன்னொரு பட்டியல் தொடங்குகிறது. வங்கியில் வேலை பார்க்கும் தோழி ஒருவர் தென்மாவட்ட நகரம் ஒன்றில் வீடு எடுத்தார். ஹாலில் ஏற்கெனவே ஓர் ஆணி இருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் அதில் முருகன் காலண்டர் மாட்டியிருந்தார்கள். அந்தக் காலண்டர் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. தோழி அதைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் அம்பேத்கர் படத்தை மாட்டினார். அந்த வாரமே வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, ஹாலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே" என்றாராம். "இது பழைய ஆணிதான்மா" என்று சொன்னதற்கு, "அதான், சொன்னா கேக்க மாட்டேங்கறீங்க" என்று பதில். அதற்கு அடுத்த மாதம் "பையனுக்குக் கல்யாணம் வருது, வீடு வேணும்" என்று சொல்லிவிட்டார்கள். சாதிப் பெயர் எந்த இடத்திலும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பேசப்பட்டதெல்லாம் சுவர், ஆணி, ஒழுங்கு. தோழியிடம் எழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017இல் இயற்றப்பட்ட சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்புறங்களுக்கான சட்டம் இது. கிராமத்தில் ஊர்த்தெருவுக்குள் நமக்கு வாடகைக்கு வீடு என்கிற பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை. பணி மாறுதலில் வருகிற தலித் ஆசிரியரும் கிராம நிர்வாக அலுவலரும் பக்கத்து டவுனில் வீடு பிடித்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் போய் வருவது ஏன் என்று நமக்குத் தெரியும். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

இந்தச் சட்டம் வாடகைதாரர் மேல் சுமத்துகிற பொறுப்புகளைப் படித்தால், இவ்வளவு சாதாரணமானவையா என்று தோன்றும். பேசிய வாடகையைப் பேசிய தேதியில் கொடுக்க வேண்டும். வீட்டை வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ சேதப்படுத்தக் கூடாது. ஏதாவது பழுதானால் வீட்டுக்காரருக்குத் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும். அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் வீட்டையோ ஒரு பகுதியையோ இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடக் கூடாது. குடியிருக்க எடுத்த வீட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். இழுத்தடித்தால் வாடகையைவிட அதிகமாக இழப்பீடு கேட்க வீட்டுக்காரருக்கு வழி இருக்கிறது. வீட்டைப் பார்வையிட வீட்டுக்காரர் வரலாம். அதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். ஏன் வருகிறார் என்ற காரணத்தையும் சொல்ல வேண்டும். மாடியிலிருந்து இறங்கி வந்து ஹாலை ஒரு சுற்றுப் பார்ப்பதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.

வாடகை விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு மாத பாக்கி, நோட்டீஸ் வந்த பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாமல் விட்டது, இவை போதும். வெளியேற்றக் கேட்டு வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்பது வாய்ப்பேச்சில் செல்லும், நீதிமன்றத்தில் செல்லாது. வீட்டுக்காரர் வேண்டுமென்றே வாடகை வாங்க மறுக்கிறார் என்றால், பேசாமல் இருந்துவிடாதீர்கள். பிறகு அதையே பாக்கி என்று காட்டுவார்கள். சட்டம் சொல்லும் முறையில் அனுப்பிப் பார்த்து, அப்போதும் வாங்கவில்லை என்றால் வாடகை அதிகாரியிடமே செலுத்த முடியும்.

அறை எடுத்துத் தங்கியிருக்கும் தோழர்களுக்கு உள்வாடகை என்பது முக்கியமான விஷயம். ஒருவர் பெயரில் வீடு, இருப்பது நான்கு பேர், வருஷத்துக்கு ஒருவர் போவார், வேறொருவர் வருவார். வீட்டுக்காரருக்குத் தெரிந்துதான் எல்லாம் நடக்கிறது. ஆனால் நம்மைப் பிடிக்காமல் போகிற அன்றைக்கு, "யாரை வேணா கூட்டிட்டு வந்து வெச்சுக்கறாங்க" என்பது புகாராகிவிடும். நான்கு பேர் இருந்தால் நான்கு பேர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். புதிதாக ஒருவர் வந்தால் ஒரு வாட்ஸ்அப் செய்தியோடு விடாமல், எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை. எந்தப் பழுதை யார் சரிசெய்ய வேண்டும் என்று அதில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை இதுதான் கணக்கு. கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பது, தண்ணீர்க் குழாய் பதிப்பது, ஒயரிங் வேலை, இதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயும் வாஷரும் மாற்றுவது, கழிவறை, வாஷ்பேசின், கீசர் பழுது, சுவிட்ச், பிளக் பாயிண்ட், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, இதெல்லாம் நம் பொறுப்பு. நாம் காலி செய்யும்போது "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை" என்று அட்வான்ஸில் கழிக்கிறார்களே, அதை இந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் கிறுக்கி வைத்த சுவர் என்றால் நாம் கொடுக்க வேண்டியதுதான். குடியிருந்ததால் இயல்பாக மங்கிய சுவருக்கு நாம் பொறுப்பில்லை. அட்வான்ஸுக்கும் கணக்கு இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் தவிர, 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, திருப்பித் தர வேண்டும்.

நம் பொறுப்புப் பட்டியலில் ஒன்றை மட்டும் நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். சாக்கடை அடைப்பு எடுப்பது. அட்டவணையில் அதுவும் குடியிருப்பவர் பக்கம்தான் இருக்கிறது. அடைப்பு வந்தால் என்ன செய்கிறோம்? வீட்டுக்காரர் ஒரு நம்பர் கொடுப்பார். "இந்த ஆளைக் கூப்பிடுங்க, வந்து எடுத்துடுவான்." நம்மைவிட இருபது வயது மூத்தவராக இருப்பார். அவரை எல்லோரும் ஒருமையில்தான் பேசுவார்கள். அவர் வந்து மூடியைத் திறந்து, குச்சியை விட்டுப் பார்த்து, சரிவரவில்லை என்றால் சட்டையைக் கழற்றுவார். அந்த இடத்தில் நம் சட்டப் பொறுப்பு குழாய் வாஷரைவிடப் பல மடங்கு பெரியது. மனிதக் கழிவகற்றும் பணியில் ஆட்களை ஈடுபடுத்துவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரும் யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலைக்கு அமர்த்தக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினாலே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "யாரும்" என்ற சொல்லில் வாடகைக்கு இருப்பவரும் அடக்கம். செப்டிக் டேங்க் எடுக்கும் செலவு யாருடையது என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆனால் ஆளைக் கூப்பிட்டு இறங்கச் சொன்னது நீங்கள் என்றால், "ஓனர்தான் நம்பர் கொடுத்தார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தப்பிக்கவும் கூடாது.

சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டிய நிலைமை இருக்கிறது என்பதே எவ்வளவு கேவலம்! சாதி ஒழிப்புப் பேசுகிற ஒருவர் குடியிருக்கும் வீட்டின் வாசலில் ஒருவர் குழிக்குள் இறங்குகிறார் என்றால், நாம் இங்கே கூடிப் படித்ததற்கு அர்த்தமே கிடையாது. குடிநீர் வாரியத்துக்கோ மாநகராட்சிக்கோ புகார் கொடுத்து இயந்திர வண்டியை வரவழையுங்கள். இரண்டு நாள் ஆகலாம். நாறட்டும். பக்கத்து போர்ஷன்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவர்களிடமும் சட்டப் பிரிவைச் சொல்லுங்கள்.

ஆக, சட்டம் நமக்குத் தரும் பட்டியல் இவ்வளவுதான். என்ன சமைக்க வேண்டும் என்று அதில் இல்லை. எந்தப் படத்தை மாட்ட வேண்டும், எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், யார் நம்மைப் பார்க்க வரலாம், மொட்டை மாடியில் நம் துணி எந்தக் கொடியில் காய வேண்டும் என்றெல்லாம் அதில் இல்லை. தனியாக வீடு எடுக்கும் பெண் தோழர்களுக்கு இந்த இரண்டாவது பட்டியல் இன்னும் நீளம். "உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்" என்று தொடங்கும். கேட்டை ஒன்பது மணிக்குப் பூட்டுவார்கள். தண்ணீர் மோட்டார் போடுவதை நிறுத்துவார்கள், ஃப்யூஸைப் பிடுங்குவார்கள். இதற்கும் சட்டத்தில் பதில் உண்டு. வாடகைதாரருக்குத் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் துண்டிக்கக் கூடாது. துண்டித்தால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். சாமானைத் தெருவில் தூக்கிப் போடும் அதிகாரமும் வீட்டுக்காரருக்குக் கிடையாது. காலி செய்ய வைக்க வேண்டும் என்றால் அவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் இந்தச் சட்டத்தில் நமக்கு எதிரான ஒரு கண்ணி இருக்கிறது. யாரும் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வாடகைக்கு விடவோ எடுக்கவோ கூடாது என்கிறது 4ஆவது பிரிவு. அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பலர் 11 மாத ஒப்பந்தம் போட்டால் பதிவு தேவையில்லை என்று நினைக்கிறார்கள். அது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தை வைத்து வந்த பழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதால் 11 மாதம் என்று எழுதினார்கள். புதிய சட்டத்தின் பதிவு வேறு, இணையத்திலேயே செய்வது. 11 மாதத்துக்கும் அது உண்டு.

கண்ணி எங்கே என்றால், எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வெளியேற்றுவதற்கான காரணங்களில் ஒன்றாக 21ஆவது பிரிவு வைத்திருக்கிறது. தவறுவது இருவரும். பெரும்பாலும் வீட்டுக்காரர்தான் மறுப்பார். சொத்து வரி, வருமான வரி என்று அவருக்கு ஆயிரம் காரணம் இருக்கும். வீடு போவது மட்டும் நமக்கு. இந்தக் காரணத்தைக் காட்டி வெளியேற்றும் உத்தரவுகளும் வந்திருக்கின்றன. வாடகை ஒழுங்காகக் கொடுத்திருக்கலாம், வாஷர் மாற்றியிருக்கலாம், சுவரைத் தொடாமல் இருந்திருக்கலாம். காகிதம் இல்லை என்றால், வாடகைதாரராகச் செய்த இவ்வளவும் கணக்கில் வராமல் போகும் ஆபத்து இருக்கிறது. எழுத்து வேண்டும் என்பது நல்ல விதிதான், ஆனால் அது இல்லாததற்கான தண்டனையைப் பலவீனமானவர் தலையில் மட்டும் கட்டியிருப்பது அநியாயம் என்பது என் கருத்து. அதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். மாறுகிற வரைக்கும் இதற்குள்தான் நாம் குடியிருந்தாக வேண்டும்.

அப்படியென்றால் நம் ஆட்கள் ஏன் ஒப்பந்தம் கேட்பதில்லை? சட்டம் தெரியாதது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. 1917இல் பரோடாவில் அம்பேத்கருக்கு நடந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். வெளிநாட்டில் படித்துவிட்டுச் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போனவருக்குத் தங்க இடம் கிடைக்காமல், ஒரு பார்சி விடுதியில் தங்கினார். தடிகளோடு வந்து அவரை வெளியேற்றிய காட்சிதான் நமக்கு நினைவில் இருக்கும். எனக்கு அந்த விடுதியின் பதிவேடு அடிக்கடி நினைவுக்கு வரும். பார்சிகளுக்கு மட்டுமேயான விடுதி என்பதால், பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதித்தான் அங்கே தங்க முடிந்தது. தினவாடகையில் பாக்கி இல்லை. இருந்தும் 11ஆவது நாள் "நீ யார்?" என்று கேட்டவர்களிடம் அவரால் எதுவும் பேச முடியவில்லை. பதிவேட்டில் இருந்தது அவர் பெயர் இல்லை.

நாமும் ஏதோ ஒரு பதிவேட்டில் வேறு பெயரில் குடியிருக்கிறோம். ஊர் கேட்டபோது பக்கத்து ஊரைச் சொன்னோம். சாமி கேட்டபோது தலையாட்டினோம். புரோக்கர் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொன்னோம். பிழைக்க வேண்டிய இடத்தில் அப்படிச் சொன்னவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி உள்ளே போனவர் எதையும் கேட்கத் தயங்குவார். ரசீது கேட்டால் நம்மைக் கவனிப்பார்களோ, குழாய் ஒழுகுது என்று சொன்னால் வீட்டுக்குள் வருவார்களோ, ஒப்பந்தம் போடலாம் என்றால் ஆதாரைக் கேட்டு ஊரையும் தெருவையும் பார்ப்பார்களோ என்று பயந்து பயந்து, ஒழுகுகிற குழாய்க்கு நாமே காசு கொடுத்து, கேட்காத வாடகை உயர்வையும் நாமே கொடுத்து, சத்தமில்லாமல் இருப்போம். சாதி நமக்கு வீட்டை மறுக்கும். வீடு கிடைத்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லும். எழுத்தில் எதுவும் இல்லாமல் போவது இப்படித்தான்.

அந்த இணையப் பதிவுக்கான படிவத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். வீட்டுக்காரர் பெயர், வாடகைதாரர் பெயர், வீட்டின் விவரம், வாடகை, அட்வான்ஸ், காலம், அடையாள எண்கள். சாதிக்கு அதில் கட்டம் கிடையாது. வீட்டுக்காரர் மட்டும்தான் அதை நிரப்ப வேண்டும் என்பதும் இல்லை, வாடகைதாரரும் விண்ணப்பிக்கலாம்.

வீடு மறுப்பதைத் தடுக்கச் சட்டம் உண்டா என்றும் பார்த்துவிடுவோம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாகுபாட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் டெல்லி வட்டாரத்தில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஒரே மாதிரியான வேலை, வசதி உள்ளவர்களாகச் சொல்லிக்கொண்டு உயர்சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் வீடு கேட்டுப் பார்த்தார்கள். தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும்தான் மறுப்பும் கூடுதல் நிபந்தனையும் வந்தன. வாடகைச் சட்டத்தை எழுதுகிறவர்களுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. 2005இல், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்று அகமதாபாத்தின் ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் வைத்திருந்த விதியை உச்ச நீதிமன்றமே செல்லும் என்று சொல்லியிருக்கிறது. பரோடாவிலிருந்து அகமதாபாத் ஒன்றும் அதிக தூரமில்லை.

ஆனால் ஒரு பழைய சட்டம் இருக்கிறது, அதை நாமே மறந்துவிட்டோம். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீடு கட்டுவதையோ வாங்குவதையோ அதில் குடியிருப்பதையோ தடுப்பது அதன் 4ஆவது பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையால்தான் செய்யப்பட்டது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பு என்கிறது 12ஆவது பிரிவு. தண்டனை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை, அதோடு 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். அபராதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். சிறைக்குச் சிரிக்க மாட்டார்கள். குடிபோன பிறகு சட்டவிரோதமாக வெளியேற்றினால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 3(1)(ஜி) பிரிவில் நிலம் மட்டுமல்ல, கட்டடமும் இடமும் சேர்ந்தே வருகின்றன. அங்கேயும் அனுபவத்தில் இருந்தோம் என்று காட்ட நமக்குக் காகிதம் வேண்டும்.

"ஆள் வந்துட்டாங்க, வீடு முடிஞ்சிடுச்சு" என்று ஒரு வரியில் மறுப்பவரை இந்தப் பிரிவுகளில் கொண்டுபோய் நிறுத்துவது சுலபமில்லை என்பதும் எனக்குத் தெரியும். புரோக்கர் அனுப்பும் செய்திகளை அழிக்காதீர்கள். "ஓனர் எஸ்சி வேண்டாம்கறாரு" என்று கூச்சமில்லாமல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே வீட்டை மறுநாள் வேறொரு தோழர் கேட்டுப் பார்க்கட்டும். "காலியா இருக்கு, வாங்க" என்று அவருக்குப் பதில் வந்தால் அதையும் சேமித்து வையுங்கள்.

புது வீட்டுக்குப் போகும் அன்றைக்கே, சாமான் இறக்குவதற்கு முன்பு, சுவர், குழாய், கதவு, சுவிட்ச் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். பழைய ஆணிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக, எந்த மாதத்துக்கானது என்று குறிப்போடு போடுங்கள். பழுதானால் எழுத்தில் தெரிவியுங்கள். நம் பக்கம் செய்ய வேண்டியதை இப்படிப் பதிவோடு செய்து வைத்துவிட்டால், "வீட்டைச் சரியா வெச்சுக்கலை" என்கிற வார்த்தையைச் சொல்ல அவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். அப்போதும் காலி செய்யச் சொல்வார்கள். ஆனால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். அந்தக் காரணம் என்ன என்று நாம் எழுத்தில் கேட்கலாம்.

ஒப்பந்தம் கேட்டால் "வேற வீடு பாத்துக்கோங்க" என்கிறார்களே என்று இங்கே பலர் மனதுக்குள் கேட்பது எனக்குப் புரிகிறது. நூறு வீடு ஏறி இறங்கிய ஒருவரிடம் போய் "துணிந்து கேள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் இதை நான் வேறு சிலரிடம் சொல்ல விரும்புகிறேன். ஊர்ப் பெயரைச் சொன்ன உடனே வீடு கிடைக்கிற தோழர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். தலித் நண்பருக்காக உங்கள் பெயரில் வீடு எடுத்துக் கொடுத்தவர்களும் இருக்கிறீர்கள். அந்த உதவி அன்றைய இரவுக்கு ஆகும். ஆனால் சட்டத்தின் முன்னால் அவர் அந்த வீட்டில் இல்லாத ஆளாகவே இருப்பார். முதலில் நீங்கள் உங்கள் வீட்டுக்கு ஒப்பந்தமும் பதிவும் கேளுங்கள். உங்களை அனுப்பிவிட வீட்டுக்காரர் அவ்வளவு சீக்கிரம் துணிய மாட்டார். ஒரு தெருவில் நான்கு பேர் கேட்டால், ஐந்தாவதாக வருகிறவர் கேட்கும்போது அது அடாவடியாகத் தெரியாது.

இன்னும் ஒன்று. உங்களில் சிலர் வீட்டுக்காரர்களின் பிள்ளைகள். ஊரில் அப்பா மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருப்பார். கடைசியாக அந்த போர்ஷனைக் கேட்டு வந்தவர்களில் யாருக்கு "ஆள் வந்துட்டாங்க" என்று சொன்னார், குடியிருப்பவருக்கு ரசீது கொடுக்கிறாரா, பெயிண்டிங் காசு எவ்வளவு கழிக்கிறார், இதையெல்லாம் ஒருமுறை வீட்டில் கேட்டுப் பாருங்கள். இங்கே வந்து கைதட்டுவதைவிட அது கஷ்டமான வேலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை இதே இடத்தில் இரண்டு வழக்கறிஞர் தோழர்கள் உட்காரப் போகிறார்கள். ஒப்பந்தம் இருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள், மடிக்கணினியில் அங்கேயே பதிவுக்கு விண்ணப்பித்துவிடலாம். ஒப்பந்தமே இல்லாதவர்கள் ஒரு வருஷத்துக்கான வாடகைக் கணக்கு, வீட்டுக்காரரோடு பேசிய செய்திகள், அட்வான்ஸ் கொடுத்ததற்கான ஏதாவது ஒரு தடயம், எது இருக்கிறதோ அதைக் கொண்டு வாருங்கள். காலி செய்யச் சொல்லி நெருக்கடியில் இருப்பவர்கள் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பேசுங்கள்.